உப்புக்காற்று அடிக்கும் ஊரில் பழைய காரைவீட்டைப் பழுது பார்ப்பது எப்படி? எந்தக் கையேட்டில் எதைப் படிக்கலாம்?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் பாட்டன் காலத்துக் காரைவீடு (சுண்ணாம்புக் கலவையில் கட்டிய வீடு) வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "இடிச்சிரலாமா, வச்சுக்கலாமா?" பாதிப் பேர் துபாயிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பிவிட்டுக் கேட்பார்கள். நான் உச்சிப்புளியில் இருந்து கட்டட மேற்பார்வை பார்க்கிறவன். பிழைப்பு புதுக் கட்டடத்தில், ஆசை பழைய கட்டடத்தில். படத்தைப் பார்த்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் பூச்சு உதிர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டை இடிக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லுவேன். உதிர்ந்தது ஒரு விரல் கனத்துப் பூச்சு. அதன் பின்னால் இரண்டடிக் கனத்துச் சுவர் பெரும்பாலும் நன்றாகவே நிற்கும்.

பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க வழிகாட்டும் கையேடுகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், வேறு நாட்டு வானிலையை மனதில் வைத்து எழுதியவை. எந்த வேலைக்கு எதைத் திறப்பது, எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது, படித்ததை நம் ஊர் உப்புக்கும் ஓதத்துக்கும் (சுவரில் ஏறும் ஈரத்துக்கும்) எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையேட்டுக்கு முன்னால் சுவர்

வீட்டை இரண்டு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். கார்த்திகை மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு முறை, பங்குனி வெயிலில் ஒரு முறை. மழையில் பார்த்தால் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரை நனைக்கிறது என்று தெரியும். வெயிலில் பார்த்தால் அந்தத் தண்ணீர் சுவருக்குள் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று தெரியும். தெருவுக்குப் புது சிமெண்ட் சாலை போட்டுப் போட்டு, வீட்டுத் தரையை விடத் தெரு உயர்ந்துபோன இடங்கள் நம் பக்கம் ஏராளம். அங்கே சுவரின் அடி வருசம் முழுக்க ஈரம்தான். என்ன பூசினாலும் நிற்காது. முதலில் தண்ணீருக்கு வழி வெட்டிவிட வேண்டும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும் இடத்தில் விரலை வைத்துத் தேயுங்கள். மாவு போல ஒட்டும். நுனி நாக்கில் துளி வைத்துப் பாருங்கள். கரித்தால் உப்பு. எரிச்சலாக இருந்தால் சுண்ணாம்பு, உடனே துப்பிவிடுங்கள். நான் பார்த்த மூத்த கொத்தனார்கள் எல்லாம் இதைத்தான் முதலில் செய்வார்கள். அடுத்து அந்த வெள்ளைப் பூப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று டேப்பை வைத்து அளந்து, சுவரிலேயே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். அடுத்த வருசம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் செய்த வேலை பலித்ததா என்று தெரியும்.

உப்பு ஏன் சுவரைத் தின்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா முடிவும் சுலபமாகிவிடும். தரை ஈரத்தோடு கரைந்த உப்பு சுவருக்குள் ஏறுகிறது. ஈரம் காயும் இடத்தில் உப்பு மட்டும் தங்கி, கல்லின் நுண்துளைக்குள் படிகமாக உறைந்து, கல்லை உள்ளிருந்து நெம்புகிறது. சமையல் உப்புக்கு ஒரு குணம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே போனால் மறுபடி உறையும். நம் கடற்கரையில் ராத்திரி ஈரக்காற்று, மத்தியானம் கொளுத்தும் வெயில். ஆக, மழையே இல்லாவிட்டாலும் அந்த உப்பு கரைவதும் உறைவதுமாக இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேடுகளில் பனிக்கட்டி உறைந்து கல்லைப் பிளப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். நாம் அதை அப்படியே தள்ளிவிடக் கூடாது. பனி என்று இருக்கும் இடத்தில் உப்பு என்று நினைத்துப் படித்தால் பாதி பொருந்தும்.

இந்த நிலையில் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்? ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். ஒரு வீட்டில் இடுப்பளவு சிமெண்ட் பூசி, மேலே எனாமல் பெயிண்ட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார் ஒரு காண்ட்ராக்டர். முழங்கால் உயரத்தில் நின்றிருந்த உப்பு ஜன்னல் நிலைக்கு மேலே போய், அங்கிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சை மொத்தமாகத் தள்ளிவிட்டிருந்தது. தேவிபட்டினத்து மூத்த கொத்தனார் ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, செவுத்துக்கு வேர்க்கணும். மழைக்கோட்டை மாட்டிவிட்டு வெயில்ல நிக்க வச்சா மனுசன் தாங்குவானா?"

எந்தக் கையேடு எதற்கு

அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை 1970களிலிருந்து 'பிரிசர்வேஷன் பிரீஃப்ஸ்' என்ற வரிசையை வெளியிடுகிறது. ஏறக்குறைய ஐம்பது சிறு கையேடுகள். இவற்றில் நமக்கு உடனே வேண்டியது இரண்டாம் எண். கட்டுமான இணைப்புகளில் பழைய கலவையைச் சுரண்டிப் புதுக்கலவை வைப்பதைப் பற்றியது. அதன் சாரம் எந்த நாட்டுச் சுவருக்கும் பொருந்தும்: இணைப்பில் வைக்கும் கலவை, கல்லை விட மென்மையாகவும் ஈரத்தை எளிதாக வெளியே விடுவதாகவும் இருக்க வேண்டும். கெட்டுப்போவதாக இருந்தால் கலவை கெடட்டும், அதைப் பத்து இருபது வருசத்தில் மாற்றிக்கொள்ளலாம், கல் போனால் போனதுதான். இணைப்பின் அகலம் எவ்வளவோ அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்காவது பழைய கலவையை எடுக்கச் சொல்கிறது. சும்மா மேலாகத் தடவிவிட்டுப் போகும் வேலை ஏன் ஒரே மழையில் கழன்று விழுகிறது என்பதற்கு இதுதான் விடை. கிரைண்டர் மெஷின் வைத்துக் கீறாமல் உளியும் சுத்தியலும் வைத்து எடுப்பதே நல்லது.

முதல் எண்ணும் ஆறாம் எண்ணும் சுவரைச் சுத்தம் செய்வது பற்றியவை. இருப்பதிலேயே மென்மையான வழி எதுவோ அதில் ஆரம்பி என்பது அதன் விதி. நம் பக்கம் கறுத்துப்போன சுவரைக் கண்டால் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். சுண்ணாம்பு மேலோ பவளக்கல் மேலோ ஆசிட் பட்டால் நுரைத்துப் பொங்கும். அந்த நுரை, சுவரே கரைவது. நல்ல தண்ணீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும். முப்பத்தொன்பதாம் எண் ஓதம் பற்றியது. பொறுமை இருப்பவர்கள் முழுசாகப் படிக்கலாம்.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது. சுருக்கமாக 'ஸ்பாப்' என்பார்கள். பழையதை இடித்துவிட்டுப் பழையது மாதிரியே புதிதாகக் கட்டுவதை எதிர்த்துப் பிறந்த சங்கம். சுண்ணாம்பு வேலை, ஓதம், தினசரிப் பராமரிப்பு பற்றி எளிமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த நாட்டுக் கையேடுகள் 'நீரில் இறுகும் சுண்ணாம்பு' என்று ஒரு ரகத்தை மூட்டையில் வாங்கச் சொல்லும். நமக்கு அது வேண்டியதில்லை. நம் முன்னோர்கள் அதே வேலையைச் சுர்க்கி போட்டு வாங்கினார்கள். கீழே சொல்கிறேன்.

இந்தியாவுக்குள் வந்தால், 1984இல் தொடங்கிய இன்டாக் (கலை, பண்பாட்டுப் பாரம்பரியத்துக்கான இந்திய தேசிய அறக்கட்டளை) அமைப்பின் 2004ஆம் ஆண்டுச் சாசனத்தைக் கட்டாயம் படியுங்கள். தொல்லியல் துறையின் பட்டியலில் இல்லாத கட்டடங்களுக்காகவே எழுதியது. அதாவது நம் வீடுகள், தர்காக்கள், சத்திரங்கள், பண்டகசாலைகளுக்காக. கல்லை மட்டுமல்ல, அந்தக் கல்லை வைக்கத் தெரிந்த கைவினைஞரையும் காப்பாற்ற வேண்டும் என்று அது சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். மத்தியப் பொதுப்பணித் துறை 2013இல் பாரம்பரியக் கட்டடங்களுக்காக ஒரு கையேடு போட்டது. எஸ்டிமேட் எழுதுகிறவர்களுக்கு அது உதவும்.

எல்லாரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. நம் சுவருக்கு மிக நெருங்கிய சொந்தம் லண்டனில் இல்லை, ஆப்பிரிக்கக் கரையோரச் சான்சிபாரிலும் சவுதியின் ஜித்தாவிலும் இலங்கையின் காலி நகரத்திலும் இருக்கிறது. சான்சிபாரின் கல்நகரம் 2000இலும் பழைய ஜித்தா 2014இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. காலிக் கோட்டை அதற்கு முன்பே, 1988இல். மூன்றிலும் பவளக்கல், சுண்ணாம்பு, கடற்காற்று, அதே உப்பு. இவற்றைப் பற்றி யுனெஸ்கோ தளத்தில் இருக்கும் ஆவணங்களைத் தேடிப் படித்தால் நம் வீட்டுக்கதையே போல இருக்கும்.

சுண்ணாம்பு: இங்கே அவசரப்படக் கூடாது

கிளிஞ்சலும் பவளக்கல்லும் ஏறக்குறைய தூய கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் காளவாயில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீரில் போட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது.

நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பு மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் தொட்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பை வலையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்க மூடிவைத்தால் நாளாக நாளாக வெண்ணெயாகிவிடும். குறைந்தது இரண்டு வாரம் கிடக்கட்டும். எவ்வளவு காலம் கிடந்தாலும் கெடாது, இன்னும் நன்றாகத்தான் ஆகும்.

வாங்கிய சுண்ணாம்பு எப்படிப்பட்டது என்று வீட்டிலேயே சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1624இல் ஓர் உருண்டைச் சோதனை இருக்கிறது. கெட்டியாகக் குழைத்துக் கோழிமுட்டை அளவுக்கு உருண்டை பிடித்து ஆறு மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரில் போட வேண்டும். சில நிமிசத்திலேயே ஓரம் இளகிக் கரைந்து உட்கார்ந்துவிட்டால் அது கொழுத்த சுண்ணாம்பு. வெடித்து லேசாக விரிந்து நின்றால் ஓரளவு நீரில் இறுகும் ரகம். அசையாமல் அப்படியே கிடந்தால் நன்றாக இறுகும் ரகம். நம் கிளிஞ்சல் சுண்ணாம்பு எப்போதும் கரைந்து உட்காரும். பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும் அது தங்கம். ஆனால் ஈரமான அடிச்சுவருக்கும் தளத்துக்கும் அது தனியாகத் தாங்காது. அங்கேதான் சுர்க்கி. இளஞ்சூட்டில் வெந்த நாட்டுச் செங்கல்லையோ பழைய நாட்டு ஓட்டையோ இடித்துச் சலித்த தூள். முறுக வெந்த சேம்பர் செங்கல் தூள் நிறம் கொடுக்கும், வேலை செய்யாது. மேற்சொன்ன உருண்டையிலேயே கொஞ்சம் நல்ல சுர்க்கி சேர்த்துப் பிடித்து, ஈரச் சாக்கில் ஒரு வாரம் போல மூடிவைத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அளவு என்று கேட்டால், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல் (சுர்க்கி போடுகிற இடத்தில் மணலில் ஒரு பகுதியைக் குறைத்து அதைச் சேர்ப்பது). கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். பனங்காடு நிறைந்த மாவட்டம், கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள். நான் யாரிடமும் வாதாடுவதில்லை. பின்பக்கச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒவ்வொரு பக்குவத்திலும் ஒரு பட்டை பூசச் சொல்லி, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்துவிட்டு நின்றதைத் தேர்ந்தெடுப்பேன்.

மணலில்தான் நம் ஊரில் கோட்டை விடுகிறார்கள். கடற்கரை மணலைத் தொடவே கூடாது. தண்ணீரும் அப்படித்தான். ஆர்.ஓ. மெஷின் மாட்டுகிறவர் கையில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், வாங்கி உங்கள் கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குடிக்க முடியாத தண்ணீரில் கலவை போட்டால், எடுத்த உப்பை நாமே திருப்பிச் சுவருக்குள் வைக்கிறோம். குடிதண்ணீர் லாரிக்குச் செலவானாலும் பரவாயில்லை.

பூசும் காலம் தை, மாசி. ஆடிக் கச்சான் காற்றில் பூசினால் ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். மெல்லிய மெல்லிய கைகளாக (அடுக்குகளாக)ப் பூசி, ஒவ்வொரு கைக்கும் இடையில் நாள் விட்டு, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு நிழல் கொடுக்க வேண்டும். மேல்பூச்சை மணியாசுக்கட்டையால் திரும்பத் திரும்ப அழுத்தித் தேய்த்தால்தான் மயிர்வெடிப்பு அடங்கும். காரைக்குடிப் பக்கம் கண்ணாடி போல இழைத்த பூச்சு போடத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கும் பழைய வீடுகளைக் கொத்தனாரோடு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதை அங்கே ஒரு தூணடியில் நின்று தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளையும் சுண்ணாம்பிலேயே அடியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்.

பவளக்கல் மாற்றுவது

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் இடிந்த தேவாலயச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் கடல் ஓரத்தில் நிற்கிறது. அதில் கையை வைத்தால் பூப்பூவாகப் பவளத்தின் வடிவம் தெரியும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றிலும் அதே கல். ஆனால் இனி அந்தக் கல்லைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பது குற்றம். கரையில் ஒதுங்கியதைப் பொறுக்குவதும் வேண்டாம். கரையைக் காக்கிற பாறையை எடுத்து வீட்டைக் காப்பாற்றுவதில் எனக்குச் சம்மதமும் இல்லை.

அப்படியானால் சிதைந்த கல்லுக்கு என்ன செய்வது? முதலில் உண்மையிலேயே மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். இரண்டு விரல் ஆழத்துக்கு அரித்திருந்தால் கல் இன்னும் பாரம் தாங்கும். தளர்ந்ததைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சுண்ணாம்பும் நொறுக்கிய ஓடும் சேர்த்து நிரப்பினால் போதும். உள்ளே கூடாகிப் போய்விட்டதென்றால், அதே வீட்டில் இடிந்து கிடக்கும் மதில் கல்லை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லாவிட்டால் சுண்ணாம்பில் வைத்த நாட்டுச் செங்கல். ஒட்டுப்போட்டது கிட்டே போனால் தெரியட்டும், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

விரிசல் கண்டால் உடனே அடைக்காதீர்கள். விரிசலின் இரு பக்கமும் பென்சில் புள்ளி வைத்து இடைவெளியை மாதாமாதம் அளந்து வாருங்கள். நகராத விரிசல் பழைய கதை. நகர்கிறதென்றால் அஸ்திவாரத்தில் காரணம் இருக்கிறது, அப்போது பழைய கட்டட அனுபவமுள்ள பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

மச்சும் மரமும்

மெட்ராஸ் டெர்ரஸ் தளத்துக்கு ஐ.எஸ். 2119 இருக்கிறது. தேக்கு விட்டங்கள் மேல் சிறு செங்கல்லைச் சாய்வாட்டமாகக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான தட்டு ஓடு பதிப்பது. ஒழுகினால் பலரும் செய்வது மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் தளம் போடுவது. விட்டத்துக்கு அவ்வளவு பாரம் கூடுகிறது, ஒழுகலும் ஒன்றிரண்டு வருசத்தில் திரும்பி வரும். தட்டோட்டு இணைப்பைச் சுரண்டிச் சுர்க்கிக் கலவை வைத்து, நீர்த்தாரைகளைத் திறந்துவிட்டாலே பெரும்பாலும் ஒழுகல் நிற்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை இலையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். இதெல்லாம் ஆவணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

விட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்திருக்கிறது. முனை மட்டும் போயிருந்தால் அதை மட்டும் வெட்டி நல்ல மரத்தில் ஒட்டுச் சேர்க்கலாம். முழு விட்டத்தையும் மாற்றச் சொல்லும் ஆசாரியிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். பழைய தேக்குக்கும் வயிரம் பாய்ந்த பனங்கைக்கும் விலை உண்டு, வாங்க ஆள் காத்திருக்கிறது. கதவையும் தூணையும் விற்றுப் பழுதுபார்ப்புச் செலவுக்குப் பணம் புரட்டும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அனுமதி

மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. (18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் பார்க்கப் போகும்போது அவற்றைத் தாங்கும் சுண்ணாம்புத் தளத்தையும் பாருங்கள்.) கோயில் என்றால் அறநிலையத் துறை, வக்பு சொத்து என்றால் வக்பு வாரியம். கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறி வரும் மேல் எல்லையிலிருந்து) 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வரும். இடித்துக் கட்ட நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடு அப்படியே நிற்பதன் அருமை அங்கே போய்க் கேட்டால்தான் சிலருக்குப் புரிகிறது.

வேலை ஆரம்பிக்கும் முன், நடக்கும்போது, முடிந்தபின் என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். எந்தச் சுவருக்கு என்ன கலவை, சுண்ணாம்பு எங்கே வாங்கியது, எந்த மாதம் பூசியது, எந்தக் கொத்தனார் என்று ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். தொட்டியில் மிஞ்சிய சுண்ணாம்பை டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், அடுத்த மழைக்குப் பிறகு சின்ன ஒட்டுவேலைக்கு அதுவே போதும்.